திங்கட்கிழமை மீட்டிங்கை மூடியவர்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தன்னைப் பற்றி யாராவது சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினாலே, ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் போல எழுந்து போய்விடுகிற ஆள். நான் குரோம்பேட்டையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோது ஒர்க்ஸ் மேனேஜராக வந்து சேர்ந்தார். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கலாம். முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. ஆபீசில் என்ன அக்கா, தங்கச்சி? அதுவும் மேனேஜர்!

அறுபதுகளின் கடைசி அது. டைப்பிஸ்ட் என்று பெயரே தவிர, என் உண்மையான உத்தியோகம் மீட்டிங்கில் உட்காருவது. யார் என்ன பேசினார்கள் என்று சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, ஆளுக்கு ஒரு காப்பி கொடுக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் மீட்டிங்குக்குப் பஞ்சமே கிடையாது. திங்கட்கிழமை தீர்மானம் போடுவார்கள். புதன்கிழமை அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு மீட்டிங். வெள்ளிக்கிழமை ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று விசாரிக்க ஒரு மீட்டிங். மறுபடியும் திங்கட்கிழமை வந்துவிடும். டீயும் பிஸ்கட்டும் தவறாமல் வரும். 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்பதை இங்கிலீஷில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். விரலே அதற்குப் பழகிவிட்டது.

இதில் எனக்கு என்ன நோவு என்று கேட்பீர்கள். பேசுகிறவன் பேசுகிறான், அடிக்கிறவள் அடிக்கிறாள், சம்பளம் வருகிறது. ஆனால் எனக்கு நோவு இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் வந்து, சானடோரியத்தில் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். ஐந்தரைக்கு மணி அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பல்லாவரத்தில் வீடு, நடுவில் கம்பெனி, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. இந்த வேலை எனக்கு அதற்காகவே அமைந்தது என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னவள் நான். ஆனால் மீட்டிங் இரண்டரைக்கு ஆரம்பித்தால் ஐந்தைத் தாண்டாமல் முடியாது. நான் மின்சார ரயிலைப் பிடித்து, மூச்சிரைக்க வார்டுக்குள் நுழையும்போது மணி அடிக்கிறவன் மணிக்குக் கீழே வந்து நின்றுகொண்டிருப்பான். அவர் கட்டிலிலிருந்து கையை மட்டும் ஆட்டுவார்.

அதைவிடப் பெரிய கவலை, நான் நிரந்தரமாக்கப்படாதவள். டெம்பரரி. எப்போது வேண்டுமானாலும் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லலாம். சொன்னால் தூரத்தில் பாரிமுனைப் பக்கம்தான் வேலை தேட வேண்டும். அங்கே போனால் மணி அடிக்கிறவனைக்கூடப் பார்க்க முடியாது.

இந்த நிலையில்தான் அவர் வந்தார். வந்த முதல் திங்கட்கிழமை மீட்டிங்கில், கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவர் போலப் பேசாமல் இருந்தார். மதுராந்தகம் பக்கத்தில் விற்ற பம்புகள் ஒழுகுகின்றன, விவசாயிகள் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் அன்றைய விஷயம். அன்றைய விஷயம் என்ன, இரண்டு மாதமாக அதேதான் விஷயம். சேல்ஸ் ஆபீசர் எழுந்து, கம்பெனியின் மானமே கப்பலேறுகிறது என்றார். பவுண்டரி மேஸ்திரி, வார்ப்படத்தில் குறையே இல்லை என்றார். மெஷின் ஷாப் போர்மேன் எட்டியப்பன் மேஜையைத் தட்டினார்.

"எங்க வேலையில இன்னா தப்பு கீதுன்னு காட்டு சார், நான் இப்பவே வூட்டுக்குப் போறேன். சும்மா எங்களையே பேஜார் பண்ணா எப்படி?"

ஸ்டோர்ஸ் கீப்பர் பார்த்தசாரதி, "நான் மீட்டிங்ல சொன்னபடிதான் சாமான் கொடுக்கறேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கைகளை விரித்தார்.

அப்போதுதான் புது மேனேஜர் வாயைத் திறந்தார். "பம்ப் எங்கே?"

"எந்த பம்ப் சார்?"

"ஒழுகுற பம்ப். இவ்வளவு நேரம் பேசினோமே, அது."

யாருக்கும் தெரியவில்லை. அடேயப்பா, அத்தனை நாள் அந்தப் பம்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம், ஒருத்தர்கூட அதை எட்டிப் பார்த்ததில்லை! பின்பக்கம் ஷெட்டில் குவியலாகக் கிடக்கிறது என்று கடைசியில் வாட்ச்மேன் சொன்னான். அவர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் தூக்கிவர, ஒரு பம்பைக் கொண்டுவந்து நடு மேஜையில் வைக்கச் சொன்னார். அது முதலாளி எங்கேயோ ஏலத்தில் ஆசையாக எடுத்த பர்மா தேக்கு மேஜை. வாரத்துக்கு ஒருமுறை மெழுகு போட்டுத் துடைப்பார்கள். அதன்மேல் சேறும் கறுப்பு எண்ணெயும் வழிந்தது. சேல்ஸ் ஆபீசர் தன் பைல்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல் வாரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கதவைச் சாத்துங்க. இது ஓடற வரைக்கும் யாரும் எழுந்திருக்க வேணாம். டீயும் அப்புறம்தான்" என்று சொல்லி, பேண்ட் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து எட்டியப்பனிடம் நீட்டினார்.

கழற்றினார்கள். பம்பில் சுழலுகிற தண்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே வராமலிருக்க, கிரீசில் தோய்த்த கயிற்றை வளையம் வளையமாக வைத்து அடைப்பார்கள். அந்தக் கயிற்றை எடுத்துத் துடைத்து, தண்டைச் சுற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முனையும் சேரவில்லை. நடுவில் விரல் நுழைகிற இடைவெளி.

"இன்னா சார் இது, கோவணம் பத்தாத மாதிரி கீது?" என்றார் எட்டியப்பன். சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன், சிரிப்பை அடக்குவதற்கு.

விஷயம் இவ்வளவுதான். ஒரு மீட்டிங்கில், கயிறு வீணாகிறது, இனிமேல் ஸ்டோர்சிலேயே அளவாக வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். வேறொரு மீட்டிங்கில், தண்டு வளைகிறது, கொஞ்சம் கனமாகப் போட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். தண்டு கனத்தது. கயிறு பழைய அளவிலேயே வந்துகொண்டிருந்தது. இரண்டு மீட்டிங்கிலும் இதே ஆட்கள்தான், இதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் முறை வரும்போது பேசினார்கள். மற்றவர் பேசும்போது பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் யாரையும் திட்டவில்லை. "ரெண்டு முடிவும் சரிதான். ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கல" என்றார். பார்த்தசாரதி தானே போய்ப் புதுக் கயிறு கொண்டுவந்தார். எட்டியப்பன் அந்த மேஜை மேலேயே வைத்து அளந்து, முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒரு வளையத்தின் மூட்டு அடுத்த வளையத்தின் மூட்டுக்கு நேராக வராமல் மாற்றி மாற்றி வைத்து முடுக்கினார். தொட்டிக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள். ஒழுகல் நின்றுவிட்டது. மணி இன்னும் நாலு ஆகவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குள் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? சீட்டைக் கிழிச்சிட்டாங்களா?" என்று எங்கள் வீட்டுக்காரர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங் இல்லை. அதற்கடுத்த புதன், வெள்ளி எதுவும் இல்லை. இனி மீட்டிங் கிடையாது, பிரச்சினை வந்தால் சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் சாமானோடு வந்து உட்கார்ந்து முடித்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தேக்கு மேஜைமேல் தகரம் அடித்தாயிற்று. முதலாளி அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லையாம். தொழிலாளிகள் இப்படிக் கூடுவதற்குப் பெயரே 'மேஜை' என்று வைத்துவிட்டார்கள். "இன்னிக்கு மேஜை கீதா?" "நம்ம மோட்டார் மேஜைக்குப் போயிருக்குது" என்று பேசிக்கொள்வார்கள். மேஜைக்கு வந்தவன் வாயால் தப்பிக்க முடியாது, கையை வைத்தே ஆக வேண்டும்.

நான் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"மீட்டிங் இல்லேன்னா எனக்கு இங்க என்ன வேலை சார்?"

அவர் யோசித்தார். "அதுதான் எனக்கும் தெரியலக்கா" என்றார்.

பாருங்கள் பதிலை! வேறு யாராயிருந்தாலும், பார்க்கலாம்மா, கவலைப்படாதீங்க என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருப்பார்கள். இந்த மனுஷருக்கு அந்தப் பேச்சுக்குச் சொல்கிற பேச்சே வராது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டு வந்தேன்.

ஆனால் சும்மா இருக்க என்னால் முடியுமா? ஒரு நாள் மோட்டார் சூடாகிறது என்று மேஜை போட்டார்கள். மேனேஜருக்கு ஆட்களைப் பற்றி இன்னும் தெரியாது, எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். சேல்ஸ் ஆபீசர் வந்து உட்கார்ந்ததும் எட்டியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாதாட ஆரம்பித்தார். அரை மணி நேரம் போயிற்று. நான் பொறுக்கமாட்டாமல் மேனேஜரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"சேல்ஸ் சார் இருந்தா எட்டியப்பன் வேலை செய்ய மாட்டார், வக்கீலாயிடுவார். சேல்ஸ் சாரை அனுப்பிடுங்க. பார்த்தசாரதி கடைசியில வரட்டும், முதல்லயே வந்தா அவரைத் திட்டற மாதிரி நினைச்சுப்பார். மோட்டாருக்குக் கம்பி சுத்தற அந்தோணியைக் கூப்பிடுங்க. அவர் பேசவே மாட்டார், ஆனா அவருக்கு முன்னாடி யாரும் பொய் சொல்ல மாட்டாங்க."

எனக்கு மோட்டார் தெரியுமா, பம்ப் தெரியுமா? ஒன்றும் தெரியாது. ஆனால் அத்தனை வருஷம் அந்த வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தவள். யார் எதற்கு எகிறுவார், யார் யாரைக் கண்டால் சுருங்குவார், எந்த இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் வேலை நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நாளையிலேருந்து நீங்களே கூப்பிடுங்க" என்றார். உள்ளே போய், சேல்ஸ் ஆபீசரை எழுப்பி அனுப்பினார்.

அதிலிருந்து மேஜைக்கு ஆள் கூப்பிடுவது நான்தான். காலையில் ஷாப் முழுக்க ஒரு சுற்று நடப்பேன். நீ ரெண்டு மணிக்கு வா, நீ வராதே என்று சொல்லிக்கொண்டே போவேன். வராதே என்று சொல்வதுதான் பெரிய வேலை. ஐயோ, எத்தனை பேருக்கு மனத்தாங்கல்! கூப்பிடாவிட்டால் கௌரவம் குறைந்துபோகிற தேசம் அல்லவா நம்முடையது? கல்யாணப் பத்திரிகை மாதிரி மேஜைக்கும் அழைப்பை எதிர்பார்த்தார்கள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். மேஜை நாலு மணிக்குள் முடிந்தது. தினமும் நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்க்க முடிந்தது.

ஆபீஸ் மட்டுமில்லை, வெளியிலும் அந்த மனுஷர் இப்படித்தான். சேலையூரில் குடியிருந்தாலும் எங்கள் பல்லாவரத்துச் சபைக்குத்தான் சைக்கிளில் வருவார். சபையின் கமிட்டியில் அவரைத் தெரியாத்தனமாகச் சேர்த்துவிட்டார்கள். கோயில் பெஞ்சுகள் உடைந்திருந்தன. அதற்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்குள் ஓர் உபகமிட்டி. ஒவ்வொரு கூட்டமும் ஜெபத்தோடு ஆரம்பிக்கும். மூப்பர் ஒருவர் ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரை வந்துதான் ஆமென் சொல்வார். ஒரு ஞாயிறு எங்கள் மேனேஜர் சாக்குப் பையில் ரம்பம், சுத்தியல், ஆணி எல்லாம் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "ஜெபம் பண்ணுங்கய்யா. ஆமென் சொன்னதும் ஆளுக்கு ஒரு பெஞ்ச்" என்றார். அன்று ஜெபம் இரண்டே வரியில் முடிந்தது. சபைப் போதகரான ஐயரே அங்கியை மடித்து வைத்துவிட்டுப் பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு புது ஆணி குத்தி ஒரு அம்மாவின் புடவை கிழிந்தது, அது வேறு கதை.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். விலை பேசமாட்டார். வெண்டைக்காயை எடுப்பார், நுனியை ஒடிப்பார், ஒடியாவிட்டால் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். "இன்னா சார், வாயத் தொறந்து கேளேன், கொறச்சுத் தர்றேன்" என்று கடைக்காரி கத்துவாள். அவர் அதற்குள் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் சிரிப்பாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. பவுண்டரி மேஸ்திரியின் சம்சாரம் தவறிப்போனாள். நாங்கள் எல்லாரும் போனோம். மேனேஜரும் வந்தார். பந்தல் சரிந்திருந்ததை நிமிர்த்திக் கட்டினார், குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், வாடகை நாற்காலிகளை இறக்கினார். பொழுது சாயும்வரை இருந்தார். ஆனால் அந்த மேஸ்திரி பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஸ்திரி இரண்டு மூன்று முறை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அவர் நாற்காலியோடு நாற்காலியாகப் போய்விட்டார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆறுதலாக ஒரு சொல் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

அந்த வருஷம் டெம்பரரி ஆட்களைப் பற்றி முடிவெடுக்கிற நேரம் வந்தது. அக்கவுண்டன்ட் முதலாளியிடம் போய், மீட்டிங்கே இல்லாத கம்பெனிக்கு மீட்டிங் டைப்பிஸ்ட் எதற்கு என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை. நான் பார்க்கிற வேலைக்குப் பெயரே கிடையாதே. முதலாளி என்னையும் மேனேஜரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்தம்மா நமக்கு வேணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்று என் முன்னாலேயே மேனேஜரைக் கேட்டார்.

வேண்டும் என்று ஒரு வார்த்தை. அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை.

அவர் தரையைப் பார்த்தார். அப்புறம், "ஒரு வாரம் இவங்க வர வேணாம் சார்" என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார். நான் வெளியே வந்து, என் குடையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எட்டியப்பன் கேட் வரை ஓடிவந்து, "இன்னாக்கா ஆச்சு? எதுக்குக்கா அழுவுற?" என்றார். நான் நிற்காமல் நடந்தேன். வாரம் என்ன வாரம்? ஒரு வாரம் வராதே என்றால் அப்புறம் வரவே வராதே என்றுதான் அர்த்தம். அப்படி எத்தனை பேருக்குச் சொல்லி நான் பார்த்திருக்கிறேன்!

அந்த வாரம் வீட்டில் இருக்க முடியாமல் மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலில் இருக்கிற மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். நாலு மணி ஆனதும் உள்ளே போவேன். மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன், ஆப்பம் சுட்டுக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். உடம்பும் தேறிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்க மேனேஜர் புண்ணியவான். வாரம் பூரா இவ்வளவு சீக்கிரம் விடறாரே" என்றார் அவர்.

"ஆமா, ஆமா. ரொம்பப் புண்ணியவான். பேசத்தான் காசு கேப்பார்" என்றேன். வேலை போன விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. நெஞ்சு நோயாளியிடம் எதைச் சொல்ல? ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. பாரிமுனையில் எந்தெந்த ஆபீசில் யாரைத் தெரியும் என்று எண்ணிக்கொண்டே விடிந்துவிடும். அவர் வீட்டுக்கு வந்த பிறகும் மருந்து இருக்கிறது, பால் முட்டை இருக்கிறது. அந்த மேனேஜரை நான் வையாத வசவு கிடையாது. வேதத்தில் இல்லாத சாபமெல்லாம் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். வார்டு வராந்தாவில் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்காரருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைக் கீழே சாத்திவிட்டு, சட்டையெல்லாம் வேர்த்து, ஒர்க்ஸ் மேனேஜர் படியேறி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. வெறும் கையோடு அவரை நான் பார்த்ததே அன்றுதான்.

"வீட்டுக்குப் போனேன். இங்க இருக்கிறதா பக்கத்து வீட்ல சொன்னாங்க" என்றார். "நாளைக்கு வந்துடுங்கக்கா."

நான் எழுந்திருக்கவில்லை. "எதுக்கு? கணக்கு முடிக்கவா?"

"இல்ல. நாலு நாளா அக்கவுண்டன்ட்தான் ஆள் கூப்பிட்டார். முதலாளியையும் கூடவே உக்கார வச்சேன். ஒருத்தரை விட்டா ஒருத்தருக்கு வருத்தம்னு எல்லாரையும் கூப்பிட்டுட்டார். நாலு நாளும் மேஜை மீட்டிங் ஆயிடுச்சு. நேத்து ஆறரை மணி வரைக்கும் பேசினாங்க. ஒரு நட்டைக்கூடக் கழட்டல. முதலாளி தலைவலின்னு எழுந்து போயிட்டு, அந்தம்மாவை உடனே கூப்பிடு, பர்மனென்ட் ஆர்டர் அடிக்கச் சொல்லுன்னுட்டார்." நெற்றி வேர்வையைத் துடைத்தார். "அடிக்கத்தான் ஆள் இல்ல. நீங்க வந்துதான் அடிக்கணும்."

எங்கள் வீட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் பிடித்தபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் புரிகிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடியிலிருந்து ஆத்திரம்தான் வந்தது.

"நான் என்ன பம்பா சார்? கழட்டி வச்சுப் பார்த்து, ஒழுகுதா ஒழுகலையான்னு கண்டுபிடிச்சு, திரும்ப மாட்டறதுக்கு?"

"இல்லக்கா, முதலாளிகிட்ட நான் வாயால சொன்னா எடுபடாது. அவரே கண்ணால பார்த்தாத்தான்…"

"முதலாளிகிட்ட சொல்ல வேணாம். என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? கேட்டுக்கு வர்றதுக்குள்ள, அக்கா இதுக்குத்தான் பண்றேன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை இல்லாம நான் எத்தனை ராத்திரி தூங்காம கிடந்தேன் தெரியுமா?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து, "விடும்மா, விடு" என்றார். நான் விடுவதாக இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேனேஜரையே பார்த்தேன்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். பிடித்துக்கொள்ள ஸ்பேனர் இல்லை, தூக்க நாற்காலி இல்லை, கட்ட பந்தல் இல்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டினார், பிறகு அவிழ்த்தார்.

"தப்புதான்க்கா" என்றார். "பேசியிருக்கணும். அது எனக்குத் தோணவே இல்ல. மேஸ்திரி வீட்லயும் அன்னைக்குப் பேசியிருக்கணும். அப்புறம்தான் தோணுச்சு. அதுக்கப்புறம் போய் எப்படிப் பேசறதுன்னு தெரியல."

அவ்வளவு நீளமாக, வேலையைத் தவிர வேறொன்றைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. என் ஆத்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த ஸ்டூலை இழுத்து, "உக்காருங்க சார்" என்றேன்.

உட்கார்ந்தார். எங்கள் வீட்டுக்காரரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஊசி தினமுமா என்றார். ராத்திரியில் இருமல் உண்டா என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கும் பேச்சுத்துணை இல்லாமல் நாள் போகாமல் கிடந்த நேரம், விலாவாரியாகச் சொன்னார். மேனேஜர் பதிலுக்குத் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். சேலையூர் ஏரி மழைக்கு நிரம்பிய கதையைச் சொன்னார். மாமியார் வீட்டுக்கு முதல்முதலாகப் போனபோது மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்ததையும், பெண்ணை ஊமைக்குக் கொடுத்துவிட்டோமோ என்று மாமனார் அழுததையும் அவர் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. நான் ஆரஞ்சை உரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தேன். மணி அடித்தது. பார்க்க வந்த மற்றவர்களெல்லாம் எழுந்து போனார்கள். மேனேஜர் இன்னும் கதையின் நடுவில் இருந்தார். மணி அடிக்கிறவன் வந்து பக்கத்திலேயே நின்று, "சார், டைம் ஆச்சு சார்" என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எழுந்தார். படியிறங்கும்போதும் திரும்பி, விட்டுப்போன ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்.

சைக்கிள் கேட்டைத் தாண்டுகிற வரை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நல்ல மனுஷன்தான்" என்றார். "ஆனா என்னா வாய்! இவரையா பேசவே மாட்டார்னு சொன்னே?"